மேகன் லாயிட் ஜார்ஜ்: லிபரல் வீட்டுப் பெண் தொழிற்கட்சிக்குப் போன கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேகன் லாயிட் ஜார்ஜ் யார்?

வேல்ஸ் தொகுதி ஒன்றிலிருந்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண். 1902 ஏப்ரல் 22 அன்று, வடமேற்கு வேல்ஸின் கடலோர ஊரான கிரிகியெத்தில் பிறந்தார். 1929 முதல் 1951 வரை ஆங்கில்சி தீவின் லிபரல் எம்.பி. 1957 முதல் 1966இல் இறக்கும்வரை கார்மார்தன் தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. முதல் உலகப் போரின் பின்பாதியில் பிரிட்டனின் பிரதமராக இருந்த டேவிட் லாயிட் ஜார்ஜின் கடைசி மகள்.

கட்சி மாறியவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. இவர் விஷயம் வேறு. வளர்த்த கட்சியில் துணைத் தலைவர் வரை உயர்ந்து, பிறகு அதை விட்டு விலகி, அதே கட்சி வைத்திருந்த தொகுதியை அதற்கு எதிராகவே நின்று பிடித்தவர். அதனால்தான் இன்றும் வேல்ஸில் இவரைப் பற்றிய விவாதம் ஓயவில்லை.

அப்பாவின் செல்வாக்கில் வந்தவர்தானே?

கதவைத் திறந்துவிட்டது அப்பாவின் பெயர்தான், அதில் சந்தேகமில்லை. நான்கு வயதுவரை வெல்ஷ் மொழி மட்டுமே பேசிய குழந்தை, 1908இல் அப்பா நிதியமைச்சரானதும் லண்டனில் டவுனிங் தெரு 11ஆம் எண் வீட்டுக்கு வந்தது. 1916இல் அப்பா பிரதமரானதும் பக்கத்து வீடு, அதாவது 10ஆம் எண். 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டின்போது பதினாறு, பதினேழு வயதில் அப்பாவோடு அங்கே இருந்தார். 1924இல் இந்தியாவுக்கு வந்து, அப்பாவின் பழைய சகாவும் அப்போதைய வைஸ்ராயுமான ரெடிங் பிரபுவின் விருந்தினராக ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அமைச்சர்களும் தூதர்களுமாக இருந்தால் அரசியல் தானாகவே காதில் விழும்.

ஆனால் ஆங்கில்சியில் 22 ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்குப் பெயர் மட்டும் போதாது. வெல்ஷில் சரளமாகப் பேசுவார். மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடுவார். விவசாயி வீட்டுக் கூரை, குடிநீர், கிராமத்துச் சாலை என்று பேசுவார். 1930இல் நாடாளுமன்றத்தில் அவர் பேசிய கன்னிப்பேச்சே கிராமப்புற வீட்டுவசதி பற்றியதுதான்.

1929 தேர்தலில் என்ன விசேஷம்?

1918 சட்டப்படி பிரிட்டனில் பெண்கள் ஓட்டுப் போட 30 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் வேட்பாளராக நிற்க 21 போதும். இந்த வினோதம் 1928இல்தான் சரிசெய்யப்பட்டது. 21 வயதுப் பெண்கள் முதன்முதலாக ஓட்டளித்த பொதுத் தேர்தல் 1929 மே 30 அன்று நடந்தது. மேகனுக்கு அப்போது 27 வயது. பழைய சட்டம் நீடித்திருந்தால் அவர் எம்.பி. ஆகியிருக்கலாம், தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

1931இலேயே ஒருமுறை கட்சியை விட்டு விலகினாரே?

அதை முழுமையான விலகல் என்று சொல்ல முடியாது. பொருளாதார நெருக்கடியின் நடுவே 1931இல் பல கட்சிகள் சேர்ந்த ‘தேசிய அரசு’ அமைந்தது. கன்சர்வேட்டிவ்கள் ஆதிக்கம் செலுத்திய அந்தக் கூட்டில் பெரும்பாலான லிபரல்கள் சேர்ந்தார்கள். அது கூடாது என்று நின்றவர்கள் நான்கே பேர்: டேவிட் லாயிட் ஜார்ஜ், மகன் க்விலிம், மகள் மேகன், க்விலிமின் சகலையான கொரோன்வி ஓவன். நால்வரும் சுயேச்சை லிபரல்களாக நின்று ஜெயித்தார்கள். குடும்பக் கட்சி என்று அப்போதே கேலி எழுந்தது. 1935 தேர்தலுக்குப் பிறகு தாய்க் கட்சியோடு மறுபடி சேர்ந்தார்கள்.

என்னைப் பொறுத்தவரை, பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த இடம் முக்கியம். கன்சர்வேட்டிவ்களோடு கை கோக்கும் லிபரல் கட்சி தனக்கு வேண்டாம் என்று 29 வயதிலேயே காட்டிவிட்டார். 1955இல் திடீரென்று மனம் மாறியவர் இல்லை.

எம்.பி.யாக உருப்படியாக என்ன செய்தார்?

இரண்டைச் சொல்வேன். முதலாவது, போர்க்காலத்தில் பெண்களுக்காக நடத்திய போராட்டம். ஜெர்மன் குண்டுவீச்சில் காயம்பட்ட பொதுமக்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்தது. ஒரே குண்டில், ஒரே தெருவில், ஒரே மாதிரி காலை இழந்தாலும் ஆணுக்குக் கொடுத்ததைவிடப் பெண்ணுக்கு வாரம் 7 ஷில்லிங் குறைவு. பெண் எம்.பி.க்கள் கட்சி வேறுபாடு பார்க்காமல் இதை எதிர்த்துச் சேர்ந்து நின்றார்கள். கன்சர்வேட்டிவ் கட்சியின் மேவிஸ் டேட், தொழிற்கட்சியின் எடித் சம்மர்ஸ்கில் ஆகியோரோடு மேகனும் அந்த அணியில் இருந்தார். 1943இல் அரசு பணிந்தது, தொகை சமமானது.

இரண்டாவது, வேல்ஸ். நாடாளுமன்றத்தில் வேல்ஸ் விவகாரங்களுக்கென்றே ஒரு நாள் ஒதுக்கி விவாதம் நடத்தியது 1944 அக்டோபர் 17 அன்றுதான் முதல் முறை. அதைத் தொடங்கிவைத்துப் பேசியவர் மேகன். வேல்ஸை இங்கிலாந்தின் ஒரு மூலையாகப் பார்க்காதீர்கள், அது ஒரு தேசம் என்பதே அவர் பேச்சின் அடிநாதம்.

1940 மே மாதம் நார்வேயில் பிரிட்டிஷ் படைகள் கண்ட தோல்வி பற்றி நடந்து, பிரதமர் சேம்பர்லினின் ஆட்சியை ஆட்டம் காணவைத்த ‘நார்வே விவாத’த்திலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்பார்கள். அவைக்குள் வராமல் இருந்த அப்பாவை அழைத்துவந்து பேசவைத்தது மகள்தான் என்று அந்தக் கதை போகிறது.

லிபரல் கட்சியின் துணைத் தலைவர் எப்படி அதைவிட்டு வெளியே வந்தார்?

இது ஒரே நாளில் நடந்ததல்ல, பத்தாண்டு இழுபறி.

1945இல் தொழிற்கட்சி பெரும் வெற்றி பெற்று கிளெமென்ட் அட்லி பிரதமரானார். தேசிய காப்பீடு, இலவச மருத்துவம் என்று அந்த அரசு செய்தவற்றைப் பார்த்தபோது மேகனுக்கு அப்பாவின் பழைய வேலைத்திட்டம் நினைவுக்கு வராமல் இருந்திருக்காது. 1911இல் தொழிலாளர் காப்பீட்டைக் கொண்டுவந்தது டேவிட் லாயிட் ஜார்ஜ். 1946இல் அதை எல்லா மக்களுக்கும் விரிவாக்கிய சட்டத்தைக் கொண்டுவந்தது தொழிற்கட்சியின் ஜிம் கிரிஃபித்ஸ், அவரும் வெல்ஷ்காரர். அந்தச் சட்டத்துக்கு அடித்தளமான அறிக்கையை எழுதிய பெவரிட்ஜ் ஒரு லிபரல். லிபரல்கள் விதைத்ததைத் தொழிற்கட்சி அறுவடை செய்துகொண்டிருந்தது. லிபரல் கட்சியோ, அரசுத் தலையீடு அதிகமாகிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டு வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

கட்சித் தலைவர் கிளெமென்ட் டேவிஸுக்கு, அவரும் வேல்ஸின் மான்ட்கோமரிஷயர்காரர், இந்தப் பிளவு தெரியும். இடதுசாரி அணியைக் கட்சியோடு பிடித்துவைக்க 1949 ஜனவரியில் மேகனைத் துணைத் தலைவராக்கினார். பதவி கொடுத்தும் பிளவு ஆறவில்லை. மேகன், டிங்கிள் ஃபுட், எம்ரிஸ் ராபர்ட்ஸ், எட்கர் கிரான்வில் ஆகியோர் ஒரு பக்கம், கன்சர்வேட்டிவ்களோடு ஒத்துப்போகலாம் என்றவர்கள் மறுபக்கம் என்று கட்சி இரண்டாகவே நடந்தது.

1951 தேர்தலை நெருக்கத்தில் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். லிபரல்கள் மொத்தம் ஜெயித்தது 6 இடம். அதில் 5 இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. ஆனால் ஆங்கில்சியில் நிறுத்தியது. அந்த மும்முனைப் போட்டியில் மேகன், தொழிற்கட்சியின் கிளெட்வின் ஹியூஸிடம் 595 ஓட்டில் தோற்றார். எம்ரிஸ் ராபர்ட்ஸும் மெரியொனெத்தில் தோற்றார். அதே தேர்தலில், முன்னாள் பிரதமர் ஆஸ்க்வித்தின் மகள் வயலெட் போனம் கார்ட்டர் கோல்ன் வேலி தொகுதியில் லிபரலாக நின்றபோது கன்சர்வேட்டிவ் தலைவர் சர்ச்சில் நேரில் வந்து அவருக்காக ஓட்டுக் கேட்டார். அவரும் ஜெயிக்கவில்லை, அது வேறு. கன்சர்வேட்டிவ்கள் யாருக்கு வழிவிட்டார்கள், யாருக்கு விடவில்லை என்பதிலேயே லிபரல் கட்சி எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிட்டது.

1952 நவம்பரில் ஆங்கில்சியில் இனி நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். 1955 ஏப்ரலில் தொழிற்கட்சியில் சேர்ந்தார். லிபரல் கட்சி தன் தீவிரச் சீர்திருத்த மரபோடு தொடர்பை இழந்துவிட்டது, அந்த மரபு இப்போது தொழிற்கட்சியில்தான் இருக்கிறது என்பதே அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

தோற்றதால் மாறினார் என்று சொல்கிறார்களே?

தோல்வி அவரை அவிழ்த்துவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். தொகுதி கையில் இருந்தவரை ஆங்கில்சி லிபரல்களை விட்டு வர அவருக்கு மனமில்லை. தோற்றபின் அந்தக் கடமை இல்லாமல் போனது. ஆனால் பதவிக்காக மாறியவர் என்றால் கணக்கு இடிக்கிறது. 1955இல் தொழிற்கட்சி எதிர்க்கட்சி, அடுத்த ஒன்பது ஆண்டுகளும் எதிர்க்கட்சிதான். அந்த ஆண்டு மே மாதப் பொதுத் தேர்தலில் அவர் எந்தத் தொகுதியிலும் நிற்கவில்லை. கட்சிக்காகப் பிரசாரம் மட்டும் செய்தார். ஆட்சியிலிருந்த கன்சர்வேட்டிவ்கள் பக்கம் போயிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது என்ன என்பதற்கு அவர் வீட்டிலேயே ஒரு உதாரணம் இருந்தது.

யார் அது? அண்ணன் க்விலிமா?

ஆமாம். 1931இல் தங்கையோடு ஒரே அணியில் நின்ற அதே க்விலிம் லாயிட் ஜார்ஜ். அவர் வலப்பக்கம் நகர்ந்தார். 1951இல் நியூகாசில் வடக்குத் தொகுதியில் கன்சர்வேட்டிவ் ஆதரவோடு ஜெயித்து சர்ச்சிலின் அரசில் உணவு அமைச்சரானார். 1954இல் உள்துறை அமைச்சர். வேல்ஸ் விவகாரங்களும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. கார்டிஃப் நகரத்தை வேல்ஸின் தலைநகராக 1955 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்தவர் அவர்தான்.

அதாவது தங்கை தொழிற்கட்சியில் சேர்ந்த நாளில் அண்ணன் கன்சர்வேட்டிவ் அரசின் உள்துறை அமைச்சர். ஒரே அப்பாவின் அரசியல் சொத்தை இருவரும் பங்கு பிரித்து எதிரெதிர்த் திசையில் கொண்டுபோனார்கள். 1957 ஜனவரியில் அண்ணன் பதவி விலகி டென்பி பிரபுவாகி மேலவைக்குப் போனார். அடுத்த மாதக் கடைசியில் தங்கை தொழிற்கட்சி எம்.பி.யாகக் கீழவைக்குத் திரும்பி வந்தார்.

நோயல்-பேக்கருடனான உறவுதான் கட்சி மாற்றத்துக்குக் காரணமா?

தொழிற்கட்சியின் முக்கியத் தலைவரும் பின்னால் 1959இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவருமான பிலிப் நோயல்-பேக்கருடன் மேகனுக்கு நீண்டகால உறவு இருந்தது வரலாற்றாசிரியர்கள் எழுதிய செய்தி. அவர் மணமானவர். 1956இல் அவர் மனைவி இறந்த பிறகும் மேகனை மணந்துகொள்ளவில்லை. ஆனால் மேகனின் அரசியலை ஒரு ஆணின் பெயரில் எழுதிவைப்பது அவருக்குச் செய்யும் அநீதி. அந்த உறவு 1930களிலேயே தொடங்கியது. கட்சி மாறியது 1955இல். அதற்காக மாறுபவராக இருந்தால் இருபது ஆண்டு காத்திருக்க வேண்டிய தேவை என்ன?

1957 கார்மார்தன் இடைத்தேர்தலை ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

தென்மேற்கு வேல்ஸின் கார்மார்தன் விசித்திரமான தொகுதி. ஒரு ஓரத்தில் ஆந்த்ரசைட் நிலக்கரிச் சுரங்கக் கிராமங்கள், அங்கே தொழிற்கட்சி. மீதி இடமெல்லாம் பால்மாடு வளர்க்கும் விவசாயிகள், ஞாயிறு தவறாமல் சாப்பலுக்கு (இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டண்ட் தேவாலயம்) போகும் வெல்ஷ் பேசும் குடும்பங்கள், அவர்கள் பரம்பரை லிபரல்கள். இரண்டு கட்சிகளுக்கும் இடையே தொகுதி மாறி மாறி ஊசலாடும். நாடே தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போட்ட 1945இல் கார்மார்தன் மட்டும் எதிர்த்திசையில் போய், தொழிற்கட்சியிடமிருந்து லிபரலுக்குக் கைமாறியது.

அப்போது ஜெயித்த ரீஸ் ஹாப்கின் மோரிஸ் 1956 நவம்பரில் இறந்தார். அவர் லிபரல் கட்சிக்குள்ளேயே லாயிட் ஜார்ஜின் பிடியை எதிர்த்தவர். 1923இல் கார்டிகன்ஷயரில் லாயிட் ஜார்ஜின் முன்னாள் செயலாளரைத் தோற்கடித்துத்தான் நாடாளுமன்றத்துக்கு முதலில் வந்தார். இன்னும் கொஞ்சம் பின்னே போனால், 1924இல் இதே கார்மார்தனில் லிபரலாக ஜெயித்த தொழிலதிபர் ஆல்ஃபிரட் மாண்ட், லாயிட் ஜார்ஜின் நிலச் சீர்திருத்தத் திட்டம் பிடிக்காமல் 1926இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போனார். லாயிட் ஜார்ஜ் என்ற பெயருக்கு அந்தத் தொகுதியில் பாசமும் இருந்தது, பழைய பகையும் இருந்தது.

இந்த இடத்தில்தான் மேகன் தொழிற்கட்சி வேட்பாளராக வந்து நின்றார். எதிரே லிபரல் கட்சியின் ஜான் மோர்கன் டேவிஸ். பிளைட் கம்ரி, அதாவது வெல்ஷ் தேசியக் கட்சி சார்பில் ஜென்னி எய்ரியன் டேவிஸ். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் இல்லை.

சூயஸ் நெருக்கடி முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எகிப்து மீது பிரிட்டன் படையெடுத்தது தவறு என்று மேகன் சொன்னார். லிபரல் கட்சியின் புதிய தலைவர் ஜோ கிரிமண்டும் அதையேதான் சொன்னார். ஆனால் அவருடைய சொந்த வேட்பாளர் படையெடுப்பை ஆதரித்தார்! போர் எதிர்ப்பு மரபில் ஊறிய சாப்பல் லிபரல்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள்? கொள்கைப்படி பார்த்தால் பழைய லிபரல் யார் என்ற கேள்விக்கு, தொழிற்கட்சிச் சின்னத்தில் நின்றவரைத்தான் காட்ட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 28 அன்று, கடுங்குளிரில், நூற்றுக்கு 87 பேர் வந்து ஓட்டளித்தார்கள். மேகனுக்கு 23,679. லிபரலுக்கு 20,610. பிளைட் கம்ரிக்கு 5,741. வித்தியாசம் 3,069. நாடாளுமன்றத்தில் லிபரல் கட்சி ஐந்து பேராகச் சுருங்கியது. தலைவரான பின் கிரிமண்ட் சந்தித்த முதல் பெரிய சோதனையில் அவரைத் தோற்கடித்தது லாயிட் ஜார்ஜின் மகள். கட்சித் தொண்டர்கள் பலர் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

வேல்ஸுக்குத் தனி நாடாளுமன்றம் கேட்டவர், அதை எதிர்த்த கட்சியில் எப்படிச் சேர்ந்தார்?

அவருடைய வாழ்க்கையில் எனக்கு உறுத்தும் இடம் இதுதான்.

1950 ஜூலையில் லாண்ட்ரின்டாட் வெல்ஸ் நகரில் ‘வேல்ஸுக்கு நாடாளுமன்றம்’ இயக்கம் தொடங்கப்பட்டது. அனைத்துக் கட்சி இயக்கம், அதன் தலைவர் மேகன். ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டரை லட்சத்தை நெருங்கிய கையெழுத்துகளோடு மனு 1956இல் நாடாளுமன்றத்துக்குப் போனது. அப்போது மேகன் ஏற்கெனவே தொழிற்கட்சியில் இருந்தார். அந்தக் கட்சியின் தலைமையோ அந்தக் கோரிக்கைக்கு எதிர். எஸ்.ஓ. டேவிஸ் போன்ற சில தொழிற்கட்சி எம்.பி.க்கள் தலைமையை மீறி இயக்கத்தை ஆதரித்தார்கள், 1955இல் டேவிஸ் கொண்டுவந்த தனி மசோதா தோற்றது. மசோதாவை ஏற்காத அரசில் வேல்ஸ் பொறுப்பு மேகனின் அண்ணனிடம் இருந்தது.

கார்மார்தன் பிரசாரத்தில் பிளைட் கம்ரி இந்த முரணைத்தான் குத்திக்காட்டியது. மேகனிடம் வலுவான பதில் இல்லை. ஜெயித்த பிறகும் அந்தக் கோரிக்கைக்காக முன்போல முழங்கவில்லை. வேலைவாய்ப்பு, விவசாயம், நலத்திட்டம் எல்லாம் லண்டனில் ஒரு தொழிற்கட்சி அரசு வந்தால்தான் நடக்கும் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார் என்று புரிந்துகொள்ளலாம். 1964இல் அந்த அரசு வந்து, வேல்ஸுக்கென்று தனி அமைச்சரையும் நியமித்தது. அது சிறு ஆறுதல்தான். தேசிய சபை வர 1999 ஆயிற்று.

1964இல் ஆட்சி வந்ததே, ஏன் அமைச்சராகவில்லை?

வயது 62, உடல்நலமும் குன்றியிருந்தது. வேல்ஸ் துறைக்கு முதன்முதலாக வந்த அமைச்சர் பதவியில் ஜிம் கிரிஃபித்ஸைப் பிரதமர் ஹெரால்ட் வில்சன் நியமித்தார். 1966 ஏப்ரலில் அந்த நாற்காலிக்கு வந்தது கிளெட்வின் ஹியூஸ், ஆங்கில்சியில் மேகனைத் தோற்கடித்த அதே மனிதர். முப்பதாண்டுக்கு மேல் எம்.பி.யாக இருந்தும் மேகன் ஒருமுறைகூட அமைச்சராகவில்லை.

கட்சி மாறியதும் எம்.பி. பதவியை விட வேண்டியதில்லையா?

பிரிட்டனில் கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. எம்.பி. கட்சி மாறினாலும் அடுத்த தேர்தல்வரை பதவியில் தொடரலாம். மேகனுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. மாறும்போது அவர் எம்.பி.யாக இல்லை. புதிய கட்சியின் பெயரில் மக்களிடம் போய் ஓட்டுக் கேட்டுத்தான் திரும்பி வந்தார்.

அவருக்குப் பிறகு கார்மார்தன் என்ன ஆயிற்று?

1959, 1964, 1966 பொதுத் தேர்தல்களிலும் மேகனே ஜெயித்தார். 1966 மார்ச் தேர்தலில் புற்றுநோயால் பிரசாரத்துக்கே வர முடியவில்லை. இருந்தும் 9,000க்கு மேல் வித்தியாசம். மே 14 அன்று கிரிகியெத்தில் இறந்தார்.

ஜூலை 14 இடைத்தேர்தலில் தொழிற்கட்சி நிறுத்தியது க்விலிம் பிரிஸ் டேவிஸை. அவரும் இளமையில் வெல்ஷ் குடியரசு இயக்கத்தில் இருந்துவிட்டுத் தொழிற்கட்சிக்கு வந்தவர். அவரை 2,436 ஓட்டில் தோற்கடித்து பிளைட் கம்ரியின் க்வின்ஃபோர் எவன்ஸ் அக்கட்சியின் முதல் எம்.பி.யானார். வேல்ஸின் சுயாட்சிக் கோரிக்கைக்கு உயிர்கொடுத்த தேர்தல் என்று இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள். மேகன் தலைமை தாங்கி, பிறகு ஓரமாக வைத்த கோரிக்கை, அவர் தொகுதியிலேயே வேறொருவர் கையில் ஜெயித்தது.

வேல்ஸில் இப்படிக் கட்சி மாறிய வேறு அரசியல்வாதிகள் உண்டா?

நிறைய. எலிஸ்டன் மோர்கன் பிளைட் கம்ரியின் நட்சத்திரமாக இருந்து 1965இல் தொழிற்கட்சிக்குப் போனார், மறுவருடமே கார்டிகன்ஷயரில் லிபரலைத் தோற்கடித்தார். பிற்காலத்தில் பார்த்தால், முகமது அஸ்கர் 2009இல் பிளைட் கம்ரியிலிருந்து கன்சர்வேட்டிவுக்குப் போனார். பிளைட் கம்ரியின் முன்னாள் தலைவர் டாவித் எலிஸ்-தாமஸ் 2016இல் கட்சியை விட்டு சுயேச்சையாகி, 2017இல் தொழிற்கட்சி தலைமையிலான வேல்ஸ் அரசில் அமைச்சரானார். மேகனோடு ஒப்பிட்டுப் படிக்க எலிஸ்டன் மோர்கனே பொருத்தமானவர். வேல்ஸின் உரிமையா, லண்டன் அரசில் செல்வாக்கா என்ற அதே கேள்விக்கு அவரும் அதே விடையைத்தான் எழுதினார்.